போரும் வடக்கு இரயில் பாதையும்

போரில் அழியும் பாலம், பாதை, மின்சாரம் போன்ற உள்கட்டமைப்புகளின் இழப்பு பொதுமக்களையே அதிகம் பாதிக்கிறது. இலங்கையின் வடக்கு இரயில் பாதை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

போருக்கு முன்

யாழ்ப்பாணம் வழியாகக் காங்கேசன்துறை வரை செல்லும் இப்பாதை 1905-இல் முழுமை பெற்றது. 1956 முதல் 'யாழ்தேவி' விரைவு இரயில் ஓடியது. மாணவர்களும் அலுவலர்களும் கொழும்பு செல்லவும், யாழ்ப்பாண விவசாயிகளின் வெங்காயம், மிளகாய், புகையிலை சந்தைக்குப் போகவும் இது உதவியது.

போரின் பாதிப்பு

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வவுனியாவுக்கு வடக்கே இரயில்கள் நின்றன. தண்டவாளங்களும் சிலீப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் பயன்பட்டன. நிலையங்கள் இடிந்தன. ஆனையிறவு வழியான சாலையும் அடைபட்டதால், மக்கள் கிளாலி கடல்நீரேரியை இரவில் படகுகளில் கடந்தனர். அப்பயணத்தில் பலர் தாக்குதலுக்கு உள்ளாகி உயிரிழந்தனர். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

மீள்கட்டமைப்பு

போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் இரயில் உடனே வரவில்லை. கண்ணிவெடிகளை அகற்றிப் புதிதாகப் பாதை அமைக்க வேண்டியிருந்தது. இந்தியாவின் கடனுதவியுடன், இந்திய அரசு நிறுவனமான இர்கான் இப்பணியைச் செய்தது. 2013-இல் கிளிநொச்சிக்கும், 2014 அக்டோபர் 13-இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் இரயில் வந்தது.

1990-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த குழந்தை, தன் ஊர் நிலையத்தில் இரயிலைக் காண 24 வயது வரை காத்திருக்க நேர்ந்தது. கட்டுமானத்துக்கு வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தும் சுமையும் அந்நாட்டு மக்களையே சேர்கிறது.