குடலிறக்கமும் இருவகைச் சத்திரசிகிச்சையும்

வயிற்றறையை முன்புறத்தில் மூடி நிற்பது எலும்பன்று. தசைகளும் அவற்றைப் பிணைக்கும் வலிய நார்த்தகடுகளுமே அங்குச் சுவராக அமைந்துள்ளன. குனியவும் நிமிரவும் பாரந் தூக்கவும் இச்சுவர் நெகிழ்ந்து கொடுத்தல் வேண்டும். அதே வேளையில் உள்ளுறுப்புக்கள் இடம்விட்டு நீங்காதவாறு அவற்றைத் தாங்குதலும் வேண்டும். இவ்விரு தொழிலையும் ஒருங்கே ஆற்றும் சுவரில் வலிகுன்றிய இடங்கள் இயல்பாகவே சில உள. அடிவயிறு தொடையோடு பொருந்தும் கவட்டுப்பகுதியும் தொப்புளும் அத்தகையன. முன்னர்ச் செய்த சத்திரசிகிச்சையின் தழும்பும் பின்னாளில் அவ்வாறு நலிவுறலாம். அவ்விடத்திற் சுவர் விலக, வயிற்றறையின் உள்ளுறையாகிய சுற்றுவிரி பைபோலப் பிதுங்கி, அதனுட் கொழுப்போ குடலோ புகுவதே ‘ஹேர்ணியா’ எனப்படும் குடலிறக்கம்.

படுத்தால் மறைவதும் இருமினால் தோன்றுவதுமான வீக்கமே இதன் முதல் அடையாளம். பலர் இதனை நாணி மறைத்து, பட்டியொன்றை இறுகக் கட்டிக்கொண்டு காலங்கழிப்பர். பட்டி வீக்கத்தை அடக்குமேயன்றித் துவாரத்தை மூடாது, மருந்தும் மூடாது. குழந்தைகளின் தொப்புளிறக்கம் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். வளர்ந்தோரில் அவ்வாறு நிகழ்வதில்லை. எனினும், எல்லாரும் உடனே சத்திரசிகிச்சைக்கு விரைதல் வேண்டும் என்பதுமில்லை. நோவு மிகக் குறைந்த கவட்டிறக்கம் உடைய 720 ஆடவர் பங்குகொண்ட ஓர் ஆராய்ச்சி 2006 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியாயிற்று. வைத்தியரின் கண்காணிப்பில் காத்திருந்தோருள், குடல் திடீரெனச் சிக்குண்டோர் ஆண்டொன்றுக்கு ஆயிரம்பேரில் இருவருக்குங் குறைவு. ஆயினும், வீக்கம் உள்ளே செல்லாது கடினமாகிக் கடுநோவும் வாந்தியுந் தோன்றின், குடலின் குருதியோட்டம் தடைப்பட்டிருத்தல் கூடும். அந்நிலையிற் சில மணித்தியாலத் தாமதமும் உயிருக்கு இறுதியாகலாம்.

துவாரத்தை மூடும் முறை படிப்படியாகவே திருந்தியது. இத்தாலியின் பதுவா நகரில் எட்வார்தோ பசினி என்பார் 1884 ஆம் ஆண்டிலே கவட்டுச்சுவரை அதன் உறுப்பமைப்பை அறிந்து அடுக்கடுக்காகத் தைக்கும் முறையைத் தொடக்கிவைத்தார். அதுவே நெடுங்காலம் வழிகாட்டியாயிற்று. ஆயினும், விலகிய விளிம்புகளை வலிந்து இழுத்துத் தைப்பதில் ஒரு குறை உண்டு. நைந்த துணியின் கிழிசலை இருபுறமும் இழுத்துத் தைத்தால் அது தையலோரத்தில் மீண்டுங் கிழியும். வேறு துணிகொண்டு ஒட்டுப்போட்டால் நிலைக்கும். இவ்வுண்மையை ஒட்டியே செயற்கை இழைவலை வந்தது. அமெரிக்கரான பிரான்சிஸ் அஷர் 1958 ஆம் ஆண்டில் அதன் பயனை எடுத்துக்காட்டினார். 1984 ஆம் ஆண்டு முதல் இர்விங் லிக்டன்ஸ்ரைன் என்பார் இழுவிசையின்றி வலைகொண்டு கவட்டிறக்கத்தைச் செப்பனிடும் முறையைப் பரப்பினார். தழும்பிறக்கம் பற்றி நெதர்லாந்தில் நிகழ்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், தைத்து மட்டும் விடப்பட்டோருள் நூற்றுக்கு 43 பேருக்கு மூன்றாண்டுகளுள் இறக்கம் மீண்டது. வலை வைக்கப்பட்டோருள் அது 24 ஆகக் குறைந்தது. ஆகவே, இறக்கம் மீளுமோ மீளாதோ என்பதைப் பெரிதும் வரையறுப்பது தோலின் கீறலன்று, சுவரின் செப்பனே.

திறந்த முறையில், இறக்கத்தின் மேலே தோலைக் கீறி, பையை விடுவித்து, உள்ளிருந்தவற்றை வயிற்றறைக்கு மீட்டு, சுவரை நேரே கண்டும் தொட்டும் செப்பனிடுவர். நுண்துளை முறையில், சுவரிலே ஏறத்தாழ 5 முதல் 12 மில்லிமீற்றர் வரையான சில துளைகளையிட்டு, காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றறையை விரித்து, ஒரு துளைவழி ஒளிக்குழாயையும் ஏனையவற்றின் வழி நீண்ட கருவிகளையும் செலுத்துவர். ஸ்டொக்ஹோம் நகரில் யக்கோபேயஸ் என்பார் 1910 ஆம் ஆண்டிலேயே மனித வயிற்றை இவ்வாறு குழாய்கொண்டு நோக்கினார். எனினும், காட்சியைத் திரையில் விரித்துக்காட்டும் நுண்ணிய கமராக்கள் வந்த பின்னரே இம்முறை பரவியது. தழும்பிறக்கத்துக்கு அதனை அமெரிக்கரான கார்ல் லெபிளாங்க் 1991 ஆம் ஆண்டிற் கையாண்டார்.

நுண்துளை முறையில் வலை துவாரத்தின் உட்புறத்தே பரப்பப்படும். இதன் நன்மையை ஒரு நீர்த்தொட்டியாற் காணலாம். தொட்டியின் ஓட்டைக்கு வெளியே ஒட்டிய துண்டை நீரின் அமுக்கம் தள்ளிவிடும். உள்ளே ஒட்டியதை அதே அமுக்கம் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். வயிற்றமுக்கமும் வலையை அவ்வாறே தாங்கும். ஆனால் இந்நன்மை நுண்துளைக்கே உரியதன்று. திறந்த முறையிலும் தசைக்குப் பின்னே வலையை வைத்தல் இயலும்.

முன்வயிற்று இறக்கங்களைப் பற்றி 880 நோயாளரைக் கொண்ட பத்து ஆய்வுகள் 2011 ஆம் ஆண்டில் ஒருங்கு நோக்கப்பட்டன. நுண்துளை முறையிற் காயத்தின் தொற்று திறந்த முறையினதில் ஏறத்தாழ நான்கிலொன்றாயிற்று; பெரும்பாலான ஆய்வுகளில் வைத்தியசாலை வாசமுங் குறைந்தது. இறக்கம் மீளும் அளவில் வேறுபாடு புலப்படவில்லை. அரிதாயினும், குடலிற் காயம் நேரும் அபாயம் நுண்துளை முறையிலே சற்று மிகுந்தது. அக்காயம் அவ்வேளையிற் கண்ணிற் படாது போயின் பெருந்தீங்கு விளையும்.

செய்வோரின் பயிற்சியும் சிறிதன்று. கவட்டிறக்கம் பற்றி 2004 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், நுண்துளை முறையில் நூற்றுக்குப் பதின்மருக்கும் திறந்த வலைமுறையில் ஐவருக்கும் ஈராண்டுகளுள் இறக்கம் மீண்டது. ஆனால், 250 க்கு மேற்பட்ட நுண்துளைச் சிகிச்சைகளைச் செய்து பழகிய சத்திரவைத்தியரின் நோயாளரில் அவ்வளவு வெகுவாகக் குறைந்திருந்தது. திரையை நோக்கி நீண்ட கருவியால் தொழில் செய்தல் நாட்பட்ட பழக்கத்தால் வருவது.

எனவே எவருக்கு எம்முறை? வயிற்றை வாயுவால் விரிப்பதற்கு முழுமயக்கம் வேண்டும். இருதயமும் சுவாசப்பையும் நலிந்த முதியவரின் கவட்டிறக்கத்தை உடலின் அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்து திறந்த முறையிற் செப்பனிடலாம். சிறு தொப்புளிறக்கத்துக்குத் திறந்த முறையின் சிறு கீறலே பெரும்பாலும் போதும். மிகப் பெரிய துவாரத்துக்கும், பலமுறை கீறப்பட்டுக் குடல்கள் ஒட்டிக்கிடக்கும் வயிற்றுக்கும், குருதியற்று அழுகிய குடலுக்கும் திறந்த முறையே பெரிதும் ஏற்றது. இருபுறக் கவட்டிறக்கத்துக்கும், திறந்த முறைக்குப் பின் மீண்ட கவட்டிறக்கத்துக்கும், காயத்தொற்றுக்கு இலக்காகக்கூடிய பருத்த உடலினரின் நடுத்தரத் தழும்பிறக்கத்துக்கும் நுண்துளை முறை நன்மை பயக்கும்.

துளை சிறிதாகலின் சிகிச்சையுஞ் சிறிதென எண்ணுதல் தவறு. தோலிற் சிறிதாக நுழைந்தாலும் உள்ளே நிகழும் வேலை அதே வேலைதான். தழும்பின் நீளத்தை நோக்கி முறையைத் தெரிபவர், துவாரத்தின் அளவையும், தம் உடல்நிலையையும், சத்திரவைத்தியரின் பயிற்சியையும் நோக்க மறப்பர். இம்மூன்றையுங் கேட்டறிந்து முடிவுசெய்தலே நோயாளருக்கு நலம். அதற்கு முதற்படி, நாணத்தை விடுத்து, வீக்கம் எளிதில் உள்ளே செல்லும் காலத்திலேயே அதனை வைத்தியருக்குக் காட்டுதலாகும்.