கல்லா இல்லாத கடை

இணையக் கடை ஒன்றில் பொருளைத் தேர்ந்து, முகவரியை நிரப்பி, கடைசிப் பக்கத்துக்கு வரும் வாடிக்கையாளர் அழுத்துகிற ‘பணம் செலுத்துக’ என்னும் பொத்தான் பெரும்பாலும் அந்தக் கடைக்குச் சொந்தமானது அன்று. கடையின் நிறத்திலும் எழுத்துருவிலும் அது அமைந்திருந்தாலும், அழுத்தியதும் திறக்கும் சிறு சாளரம் வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது; அட்டை எண் அங்கேதான் உள்ளிடப்படுகிறது; பணமும் அந்த நிறுவனத்தின் வழியாகவே கடைக்காரரின் வங்கிக் கணக்கை வந்தடைகிறது. சரக்கு ஓரிடம், கல்லா வேறிடம் என்ற இந்த ஏற்பாட்டை அமைப்பதற்குச் சில வரி நிரலை ஒட்டினால் போதும் என்ற எண்ணம் கடைக்காரர்களிடையே பரவலாக உண்டு. பொத்தானைத் திரையில் தோன்றச் செய்வது வரைக்கும் அந்த எண்ணம் சரிதான். ஆனால், பணம் வந்துவிட்டது என்பதை யார் சொல்லக் கேட்டுச் சரக்கை அனுப்புவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பொத்தான் வைப்பதன் பெரும்பகுதி வேலையும், நேர்கிற நட்டங்களில் கணிசமான பகுதியும் அந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கின்றன.

கல்லாவை வெளியே விடுவதற்கான முதற்காரணம் அட்டை விவரங்களைக் காப்பதில் உள்ள சுமை. விசா, மாஸ்டர்கார்டு உள்ளிட்ட அட்டை நிறுவனங்கள் 2004-இல் வகுத்த ‘பிசிஐ டிஎஸ்எஸ்’ என்னும் பாதுகாப்புத் தரநிலை, அட்டை எண்ணைத் தொடுகிற எந்தக் கடையும் பின்பற்ற வேண்டிய விதிகளை நீளமாக அடுக்குகிறது. மூன்று பேர் வேலை பார்க்கும் ஊறுகாய்க் கடையோ கைத்தறிப் புடவைக் கடையோ அவற்றைத் தானே நிறைவேற்றுவது நடவாத காரியம். பணம் வாங்கும் வேலை முழுவதையும் தகுதி பெற்ற வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால், கடைக்கு மிஞ்சுவது ஒரு சுருக்கமான சுயமதிப்பீட்டுப் படிவம் மட்டுமே.

இந்தியாவில் இந்த ஒப்படைப்புக்குச் சட்ட வடிவம் தந்தது ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை. பணத்தைக் கையில் வாங்காமல் தகவலை மட்டும் வங்கிக்கும் கடைக்கும் இடையே கடத்தும் தொழில்நுட்ப அமைப்பு ‘பேமென்ட் கேட்வே’ என்றும், பல கடைகளுக்காகப் பணத்தைத் திரட்டி, வங்கியில் தனியே பேணப்படும் எஸ்க்ரோ கணக்கில் வைத்துப் பின்னர் அந்தந்தக் கடைக்குப் பட்டுவாடா செய்யும் நிறுவனம் ‘பேமென்ட் அக்ரிகேட்டர்’ என்றும் அது பிரித்துக் காட்டியது. பேச்சு வழக்கில் இரண்டையும் கேட்வே என்றே சொல்லிவிடுகிறார்கள் என்றாலும், பிறர் பணத்தைக் கையாளும் இரண்டாம் வகையினருக்கே உரிமம் கட்டாயமாயிற்று. விண்ணப்பிக்கும்போது 15 கோடி ரூபாய் நிகர மதிப்பும், பின்னர் 25 கோடியும் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 2022 அக்டோபர் 1 முதல் அட்டை எண்ணைக் கடையோ அக்ரிகேட்டரோ சேமித்து வைக்கவும் கூடாது என்றாகி, ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியே உருவாக்கப்படும் ‘டோக்கன்’ என்ற மாற்று எண் அதன் இடத்தைப் பிடித்தது. ஒரு கடையிலிருந்து அந்த மாற்று எண் திருடப்பட்டாலும் இன்னொரு கடையில் அது செல்லாது.

இத்தகைய பொத்தானுக்கு வரலாறும் உண்டு. அமேசான் நிறுவனம் ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு 1999-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, 2017-இல் அது காலாவதியாகும் வரை பிறரைத் தடுத்து வைத்திருந்தது; பேபால் தன் பொத்தானை ஈபே விற்பனையாளர்களிடையே பரப்பி, 2002-இல் ஈபே நிறுவனத்தாலேயே வாங்கப்பட்டது. இந்தியாவுக்குள் நடக்கும் உள்நாட்டுப் பரிமாற்றங்களை 2021 ஏப்ரலில் பேபால் நிறுத்திக்கொண்டதால், இங்கே விற்று இங்கேயே அனுப்பும் கடைக்கு அது இப்போது பயன்படாது. வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ள கடைகளே அதை நாடுகின்றன.

உள்நாட்டுக் கடைகள் பலவும் பயன்படுத்தும் ரேஸர்பே நிறுவனத்தின் முறையை அருகிருந்து பார்த்தால், பொத்தானுக்குப் பின்னால் நடப்பது விளங்கும். வாடிக்கையாளர் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, கடையின் சர்வர், அதாவது கடையின் கட்டுப்பாட்டில் உள்ள கணினி, ரேஸர்பே சர்வரைத் தொடர்புகொண்டு, இன்ன தொகைக்கு ஓர் ஆர்டர் பதிவு செய்க என்று கேட்டு ஆர்டர் எண் ஒன்றைப் பெறுகிறது. இங்கே தொகை ரூபாயில் அன்று, பைசாவில் சொல்லப்பட வேண்டும். 1,450 ரூபாய்ப் புடவைக்கு 145000 என்று அனுப்பாமல் 1450 என்றே அனுப்பிவிட்டால், வாடிக்கையாளரிடம் கேட்கப்படுவது பதினான்கரை ரூபாய். ஆர்டர் எண்ணைப் பெற்றுக்கொண்டு வாடிக்கையாளரின் உலாவியில் சாளரம் திறக்கிறது. அவர் யூபிஐ வழியாகவோ அட்டை வழியாகவோ பணம் கட்டியதும், பேமென்ட் எண், ஆர்டர் எண், கையொப்பம் என்ற மூன்றும் உலாவிக்குத் திரும்பி, அங்கிருந்து கடைக்கு வந்து சேர்கின்றன. கையொப்பம் என்பது, ஆர்டர் எண்ணையும் பேமென்ட் எண்ணையும் சேர்த்து, கடைக்கும் ரேஸர்பேக்கும் மட்டுமே தெரிந்த ரகசியச் சாவியால் கணக்கிட்டு எடுக்கப்படும் ஒரு நீண்ட எழுத்துச் சரம். கடையின் சர்வர் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே ஆர்டரை ஏற்க வேண்டும்.

கையொப்பம் எதற்கு என்பதை உணவு விடுதியின் நடைமுறையோடு ஒப்பிட்டால் தெளிவாகும். கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, அதைக் கொண்டுபோய்ப் பரிமாறுபவரிடம் நீட்டும் விடுதிகளில், கல்லாவுக்கும் அடுக்களைக்கும் நடுவே செய்தியைச் சுமந்து செல்பவர் வாடிக்கையாளரேதான். அவர் வழியில் சீட்டில் ஒரு எண்ணைத் திருத்திவிட்டால் பரிமாறுபவருக்குத் தெரிய வழியில்லை. இணையக் கடையிலும் பணம் வந்த செய்தியை முதலில் கொண்டுவருவது வாடிக்கையாளரின் உலாவி, அது முழுக்க அவர் கையில் இருக்கும் கருவி. ஆகவே உலாவி சொல்வதைச் சாட்சியமாகக் கொள்ளலாமே தவிர, தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

இது வெறும் தத்துவக் கவலை அன்று என்பதை 2011-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தையும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவையும் சேர்ந்த நால்வர் மெய்ப்பித்தார்கள். இணையத்தில் இலவசமாகப் பொருள் வாங்குவது எப்படி என்று குறும்பாகத் தலைப்பிட்ட அவர்களது ஆய்வுக் கட்டுரை, புகழ்பெற்ற கடை மென்பொருள்கள் பேபால், அமேசான், கூகுள் ஆகியவற்றின் பொத்தான்களோடு இணைக்கப்பட்ட விதத்தைச் சோதித்தது. ஒரு மென்பொருளில், பேபாலுக்குப் போகும் வழியில் உலாவியிலேயே தொகையைக் குறைத்துவிட முடிந்தது. திரும்பி வந்தபோது, பணம் கட்டப்பட்டதா என்று பேபாலிடம் விசாரித்த கடை, எவ்வளவு கட்டப்பட்டது என்று விசாரிக்க மறந்திருந்தது. இன்னொன்றில், விலை குறைந்த ஆர்டருக்குப் பணம் கட்டிவிட்டு, முடிவுச் செய்தியில் விலை உயர்ந்த ஆர்டரின் எண்ணை மாற்றி வைக்க முடிந்தது. எல்லாவற்றினும் நுட்பமானது அமேசான் பொத்தானில் கண்டது. ஆய்வாளர் தாமே ஒரு விற்பனையாளராகப் பதிவு செய்துகொண்டு, தமக்குத் தாமே பணம் கட்டினார். பணம் கட்டப்பட்டது என்று அமேசான் முறையாகக் கையொப்பமிட்டு உறுதி சொன்னது. கையொப்பம் அமேசானுடையதே என்று சரிபார்த்த கடை, பணம் தனக்குத்தான் வந்ததா என்று பார்க்கவே இல்லை. குறைகளைக் கண்டவர்கள் உரியவர்களுக்குத் தெரிவித்துத் திருத்தச் செய்தார்கள் என்றாலும், இந்த மூன்று பிழைகளில் ஒன்றுகூடப் பொத்தான் கொடுத்த நிறுவனத்தின் கணினியைத் தகர்த்து நிகழ்ந்ததன்று என்பதே கவனிக்கத் தக்கது. உறுதிச்சொல் மெய்யாகவே இருந்தது. எந்த ஆர்டருக்கு, எவ்வளவு, யாருக்கு என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

உலாவி பொய் சொல்வதைவிட அடிக்கடி நேர்வது, அது ஒன்றுமே சொல்லாமல் போவது. கைபேசியில் யூபிஐ தேர்ந்தவுடன் வங்கிச் செயலியோ ஜிபேயோ திறக்கிறது. வாடிக்கையாளர் பின் எண்ணை இட்டுப் பணத்தை அனுப்பிவிட்டு, திரும்பக் கடைப் பக்கத்துக்கு வராமல் அங்கேயே நின்றுவிடுகிறார், அல்லது நினைவகம் போதாமல் கைபேசி அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறது. பணம் போய்விட்டது, கடையில் ஆர்டர் இல்லை. சிறு கடைகளின் வாட்ஸ்அப் எண்ணுக்கு வரும் கோபமான செய்திகளுக்குப் பின்னால் இந்தக் காட்சியைத் தேடினால் கிடைத்துவிடும். இதற்கென உள்ளதுதான் வெப்ஹூக் என்னும் ஏற்பாடு. உலாவியை நம்பாமல், பணம் வந்தவுடன் அக்ரிகேட்டரின் சர்வர் கடையின் சர்வருக்கு நேரடியாக, அதுவும் கையொப்பத்தோடு, செய்தி அனுப்புகிறது. கடை பதில் சொல்லாவிட்டால் மீண்டும் மீண்டும் முயல்கிறது. ஒரே செய்தி இரண்டு முறை வந்து சேரவும் கூடும் என்பதால், ஏற்கெனவே பதிவான பேமென்ட் எண் மறுபடி வந்தால் பேசாமல் விட்டுவிடும்படி நிரல் எழுதப்பட வேண்டும். இல்லையேல் ஒரே புடவை இரண்டு பார்சலாகப் போகும். பொத்தானை மட்டும் வைத்து வெப்ஹூக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பாதிக் கல்லாவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

வாடிக்கையாளரின் கணக்கில் பணம் கழிந்தும் கடைக்கு உறுதி வந்து சேராத நிகழ்வுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு விதித்திருக்கிறது. பரிமாற்றம் நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு சேர வேண்டும். அந்த ஐந்து நாளும் வாடிக்கையாளர் கேள்வி கேட்கப் போவது வங்கியை அன்று, கடையைத்தான்.

கல்லா வெளியே போனால் ஆபத்தும் வெளியே போய்விடும் என்பதும் முழு உண்மை அன்று. அக்ரிகேட்டரின் சாளரத்துக்குள் உள்ளிடப்படும் எண்ணைக் கடைப் பக்கத்தின் நிரலால் படிக்க முடியாது என்றாலும், அந்தச் சாளரத்துக்கு மேலேயே அச்சு அசலான போலிப் படிவத்தை விரிக்க முடியும். ‘செக்-அவுட்’ எனப்படும் பணம் செலுத்தும் பக்கத்தில் பொத்தானின் நிரலோடு, விளம்பரக் கணக்கீடு, அரட்டைப் பெட்டி, வாடிக்கையாளர் கருத்துப் பட்டை என்று பிறர் எழுதிய நிரல்கள் பலவும் ஓடுகின்றன. இவற்றில் எது கெட்டாலும் பக்கம் முழுவதும் கெடும். பிரிட்டனின் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தில் 2018-இல் வெளிப்பட்ட திருட்டு, பணம் செலுத்தும் பக்கத்தில் வைத்திருந்த வெளியார் அரட்டைப் பெட்டி வழியாக நுழைந்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் புகுந்த நிரல் வெறும் 22 வரி. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020-இல் முதல் நிறுவனத்துக்குப் 12.5 லட்சம் பவுண்டும் இரண்டாவதற்கு 2 கோடி பவுண்டும் அபராதம் விதித்தது. பணம் செலுத்தும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் பட்டியலும் காரணமும் இருக்க வேண்டும், அது மாற்றப்பட்டால் தெரிய வேண்டும் என்ற விதி பிசிஐ தரநிலையின் நான்காம் பதிப்பில் இடம்பெற்று, 2025 மார்ச் 31-க்குப் பின் கட்டாயமானது. அரட்டைப் பெட்டியைப் பொருள் பக்கங்களில் வைத்துக்கொண்டு, செக்-அவுட் பக்கத்திலிருந்து மட்டும் எடுத்துவிடுவது எந்தச் செலவும் இல்லாத காவல். ஆனாலும் விற்பனைப் பிரிவினர் கடைசிவரை விட மறுக்கும் இடமும் அதுவே.

கட்டணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. யூபிஐ, ரூபே டெபிட் அட்டை இரண்டுக்கும் கடைகளிடம் வசூலிக்கும் எம்டிஆர் என்ற வணிகர் கழிவு 2020 ஜனவரி முதல் இல்லை. கடன் அட்டைகளுக்கு உண்டு. அக்ரிகேட்டரின் சேவைக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கழிந்த பிறகே பட்டுவாடா வருவதால், வங்கிக் கணக்கில் விழும் தொகை எந்த ஒரு பில்லோடும் நேராகப் பொருந்தாது. கணக்கர் முதல் மாதமே கேட்கப்போகும் பட்டுவாடா அறிக்கையைத் தினமும் இறக்கி வைக்கும் வழக்கம் இருந்தால் போதும்.

எல்லா அக்ரிகேட்டர்களும் உண்மைப் பணம் நகராமல் ஒத்திகை பார்ப்பதற்குச் சோதனைச் சாவி ஒன்றைத் தருகிறார்கள். போலி அட்டை எண்ணை இட்டு, வெற்றிப் பக்கம் வந்ததும் கைதட்டி முடித்துவிடுவதுதான் வழக்கமான சோதனை; அதில் தெரிய வருவது, நேர்மையான வாடிக்கையாளர் நல்ல இணைப்போடு வந்தால் கடை இயங்கும் என்பது மட்டுமே. ஓடிபி இட்ட மறுகணமே சாளரத்தை மூடிப் பார்க்க வேண்டும்; பொத்தானை இருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்; ஒரே பொருட்கூடையை இரண்டு பக்கங்களில் திறந்து, ஒன்றில் பணம் கட்டிவிட்டு மற்றொன்றில் பொருளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்; கையொப்பத்தில் ஓர் எழுத்தை மாற்றி, பணம் வந்தது என்று கடைக்குப் பொய்ச் செய்தி ஒன்றை அனுப்பிப் பார்க்க வேண்டும். அந்தக் கடைசிச் சோதனைக்கு ‘ஆர்டர் உறுதியானது’ என்று மின்னஞ்சல் வருமானால், உண்மைப் பணத்துக்கான நேரடிச் சாவியைப் பொருத்தும் நாளைத் தள்ளி வைப்பது நல்லது.