பச்சைக்கு வண்ணம் ஏற்றும்போது...

மத்தியப் பிரதேசத்துப் பைகா பழங்குடிப் பெண்கள் தலைமுறைகளாகப் பச்சை குத்திக்கொள்வது கருநிறத்தில்தான். மும்பை, பெங்களூர் டாட்டூ கடைகளிலோ வண்ணம் கேட்கிறார்கள். புதிதாகத் தொழில் பழகுபவர் தடுமாறுவது அங்கேதான்.

மை தங்குவது மேல்தோலுக்கு அடியில், சுமார் 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில். அதன் மேல் தோலின் சொந்த நிறம் பழுப்புக் கண்ணாடி போலக் கவிந்திருக்கிறது. மாநிறத்தில் மஞ்சளும் வெள்ளையும் மங்கிவிடும். அடர்சிவப்பும் நீலமும் நிற்கும். இது புரியாமல், நிறம் எடுபடவில்லையே என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசியை ஓட்டினால் மிஞ்சுவது தழும்பு.

முதலில் செயற்கைத் தோலில் பழக வேண்டும். அடர்நிறம் முன்னே, வெளிர்நிறம் கடைசியில். சின்னச் சின்ன வட்டங்களாக நிரப்ப வேண்டும். விட்டுப்போன இடத்தைப் புண் ஆறிய பிறகு தொடலாம். ஆளுக்கொரு புது ஊசி, புது மைக்கிண்ணம் கட்டாயம். மங்கிய நிறத்தைச் சரிசெய்யலாம். ரத்தத்தில் ஏறிய எச்.ஐ.வி.யை இறக்க முடியாது.