குக்கர் மூடியும் வல்லினமும்

உதடும் அண்ணமும் பிளவுபட்டுப் பிறந்த குழந்தைகளுக்கு இலவச அறுவை சிகிச்சை அளிக்கும் தொண்டு அமைப்புகளின் விளம்பரங்கள், பழைய முகத்தையும் புதிய சிரிப்பையும் அருகருகே அச்சிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வாழ்க்கை மாறிவிட்டதாக அறிவிக்கின்றன. உதட்டைப் பொறுத்தவரை இதில் பெரிய மிகையில்லை. ஆனால் புகைப்படம் பேசாது என்பதால், அண்ணத்தின் கதை அதில் விடுபட்டுப் போகிறது.

வாயின் மேற்கூரையில் பின்பகுதியாக அமைந்த மென்அண்ணம் தசையாலான ஒரு கதவு. அது உயர்ந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டால் மூக்குவழி அடைபடும், தாழ்ந்தால் திறக்கும். தமிழ் நெடுங்கணக்கில் வல்லினமும் மெல்லினமும் இணையிணையாக நிற்பது ஏறத்தாழ இக்கதவின் இரு நிலைகளைக் குறிக்கிறது எனலாம்: 'ப', 'ம' இரண்டுக்கும் உதடுகள் ஒரேபோல் இணைந்து மூட, கதவு மட்டுமே வேறுபடுகிறது. மெல்லெழுத்துகளுக்கு மூக்கின் வளி வேண்டும் என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலே குறித்துவிட்டது. சளியால் மூக்கடைத்தவரின் 'மாமா' 'பாபா'வை நெருங்குவதும், அண்ணம் மூடாத குழந்தையின் 'பாப்பா' 'மாம்மா'வை நெருங்குவதும் ஒரே இயக்கத்தின் இரு கோளாறுகள். 'பாட்டி', 'அக்கா' போன்ற சொற்களில் வரும் இரட்டித்த வல்லினம், காற்றழுத்தத்தைச் சற்றுக் கூடுதல் நேரம் தேக்கிவைக்கக் கோருவதால், மூக்குவழிக் காற்றுக் கசிவை முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுவே.

கேஸ்கெட் தளர்ந்த குக்கரில் விசில் வராது என்பதை எல்லாச் சமையலறைகளும் அறியும். கேஸ்கெட் மாற்றினால் விசில் வந்துவிடும். குழந்தையின் வாயில், அண்ணத்தைத் தைத்து மூடினாலும் அப்படி நடப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஆவி கசிந்த குக்கரோடு பழகியவர், மூடியை நம்பாமல் சிலிண்டரின் ரெகுலேட்டரையே திருகி வேலையை முடிக்கக் கற்றுக்கொண்டதுபோல, குழந்தையும் கசிவுக்குக் கீழே, குரல்வளையிலேயே காற்றைச் சட்டென்று நிறுத்தி 'க', 'ட', 'ப' அனைத்துக்கும் ஒரே தொண்டையொலியை எழுப்பப் பழகிவிடுகிறது. புதிய கேஸ்கெட் பொருத்திய பின்னும் கை ரெகுலேட்டருக்கே போகும். சமையல்காரரிடம் சொல்லித் திருத்தலாம். தன் ஒலிக்கும் பிறர் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டையே பிரித்தறியாத குழந்தைக்கு, நாக்கையும் உதட்டையும் ஒவ்வோர் எழுத்தின் இடத்துக்கும் திரும்ப அழைத்துவரும் பேச்சுப் பயிற்சி வேண்டும். பலூன் ஊதச் சொல்வது இன்றும் வழங்கும் அறிவுரைதான் என்றாலும், ஊதுவதற்கு அண்ணம் இயங்கும் விதமும் பேசுவதற்கு இயங்கும் விதமும் வேறு என்பதால் அதனால் பேச்சு திருந்துவதில்லை. கதவே எட்டாத அளவுக்குக் குட்டையாக இருந்தால், எந்தப் பயிற்சியும் உதவாது. மற்றோர் அறுவை தேவைப்படும்.



அறுவைக்குச் சிலமுறை வந்தால் போதும். பயிற்சிக்கோ மாதக்கணக்கில் வரவேண்டும். மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965-இல் தொடங்கப்பட்டு அரை நூற்றாண்டு கடந்த பின்னும், பேச்சுப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருப்பதால், ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலியையும் இருவரின் பேருந்துக் கட்டணத்தையும் விழுங்குகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளூர்ச் சமூகப் பணியாளர்களைப் பழக்கி, வீட்டருகே பயிற்சி கிடைக்கச் செய்த முறை, கைப்பேசிச் செயலிகள் தரும் வாக்குறுதிகளைவிட நம்பத்தக்கது. கசிவு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு சிறு கண்ணாடியே போதும்: குழந்தை 'பாப்பா' என்று சொல்லத் தொடங்கிய பின் அதை மூக்கின்கீழ் நீட்டி, சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்கத் தாமதித்தால், வெறும் மூச்சே அதன்மேல் ஆவியாகப் படிந்துவிடும்.