உருகி இல்லாத சேமிப்பு

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், பெருங்களத்தூர், பள்ளிக்கரணை வட்டாரங்களில் பல தெருக்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அதன் பிறகு தாம்பரம் பகுதி வீடுகளில் ஒரு பழக்கத்தைக் காண்கிறேன். இன்வெர்ட்டர் வாங்க இயலாதவர்கள் பழைய பைக் பேட்டரி ஒன்றை வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரோடு இரண்டு ஒயர்களால் இணைத்துவிடுகிறார்கள். மின்சாரம் இருக்கையில் அடாப்டர் பேட்டரியை நிரப்பும். நின்றால் பேட்டரி ரவுட்டரை இயக்கும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு எளியது, ஆனால் பிழையானது.

12 வோல்ட் என்பது பேட்டரியின் பெயர் மட்டுமே. நிரம்பிய ஈய அமில பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். அதை நிரப்பிய நிலையில் வைத்திருக்க 13.5 முதல் 13.8 வோல்ட் வரை தேவை. 12 வோல்ட் அடாப்டரால் அது ஒருபோதும் முழுதாக நிரம்பாது. அரைகுறையாகக் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் குறையும். முற்றிலும் தீர்ந்த பேட்டரியோ, ஓரிரு ஆம்பியர் மட்டுமே தரவல்ல அடாப்டரிடம் அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்து அதைச் சூடாக்கும். மின்னழுத்தத்தை மிகையாக உயர்த்தினால் வேறு ஆபத்து: நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே அது தீப்பற்றும். நம் வீடுகளில் பேட்டரிக்குக் கிடைக்கும் இடமோ மாடிப்படிக்குக் கீழே, கதவு மூடிய அலமாரி!

இவற்றினும் பெரிய ஆபத்து குறுக்குச்சுற்று. ஒயர்கள் உரசிக்கொண்டால் நல்ல அடாப்டர் தானே அடங்கிவிடும். பேட்டரிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதன் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயலாம். மெல்லிய ஒயர் நொடிகளில் பழுக்கக் காய்ந்து உறை தீப்பிடிக்கும். ஆகவே, பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே, ஒயரின் தாங்கும் திறனுக்கு ஏற்ற உருகியைப் பொருத்த வேண்டும். ரவுட்டர் அருகே பொருத்தினால் இடையிலுள்ள ஒயருக்குப் பாதுகாப்பில்லை. பேட்டரியின் மின்னோட்டம் அடாப்டருக்குள் திரும்பிப் பாயாதிருக்க டயோடு ஒன்றும் வேண்டும்.

வீட்டுச் சுவிட்சுகளையும் இதற்கு நம்பக்கூடாது. மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் சுவிட்சில் எழும் பொறி அணைந்துவிடும். நேர்திசை மின்னோட்டத்தில் அந்த இடைவெளி இல்லை. மின்னழுத்தம் உயர உயரப் பொறி நீடிக்கும். இதற்காக நேர்திசை மின்னோட்டத்தையே ஒதுக்க வேண்டியதில்லை. கிண்டியை ஒட்டியுள்ள சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 48 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தில் இயங்கும் வீட்டமைப்பையே உருவாக்கினர். அங்கே மின்னேற்றி, பேட்டரி, விளக்கு, விசிறி யாவும் ஒன்றுக்கொன்று பொருந்த வடிவமைக்கப்பட்டவை. நம் தெருக்களில் நடப்பது ஒட்டுவேலை. பழைய மடிக்கணினியின் லித்தியம் செல்களைக் கொண்டு, காப்புச் சுற்று இல்லாமல் அதே ஒட்டுவேலையைச் செய்வது தீயை விலை கொடுத்து வாங்குவதாகும்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் தெரிவது புறவிளைவு. உருகியைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கும் சில பத்து ரூபாய் ஒருவருக்கு. தீ பரவினால் இழப்பு அடுக்குமாடியில் உள்ள அனைவருக்கும். ரவுட்டருக்கென்றே மின்னேற்றச் சுற்றும் காப்பும் கொண்ட சிறு யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. பிஐஎஸ் பதிவு எண் பார்த்து அதை வாங்குவதே சிக்கனம்.

இன்வெர்ட்டர் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியதும் உண்டு. வெள்ளக் காலத்தில் மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்துவது உயிர்களைக் காக்கவே. ஆனால் தரைத்தளத்தில் இயங்கும் இன்வெர்ட்டர், வீட்டுக்குள் 230 வோல்ட்டைத் தொடர்ந்து செலுத்திக்கொண்டிருக்கும். அடையாற்றங்கரையில் முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்கு 2015-இல் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பது தெரியும். பேட்டரி அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்; இயலாதெனில், நீர் வாசலைத் தொடுமுன் இன்வெர்ட்டரை நிறுத்தி பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஆண்டுதோறும் செப்டம்பரில் மழைநீர் வடிகாலைப் பார்வையிடும்போதே, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து இந்த இணைப்புகளையும் சோதிக்கச் செய்யலாம்.