பீங்கானில் ஒரு மின்கம்பி!

நெய்வேலியில் நான் வாத்தியாராக இருந்தபோது ஒருநாள் மின்சாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "நம்ம ஊர்ல பழுப்பு நிலக்கரியை எரிச்சு எடுக்கிற கரண்ட்டுல கொஞ்சம், போற வழியில கம்பியைச் சூடாக்கியே வீணாயிடுதுன்னு சொல்றீங்களே, வீணாக்காத கம்பியே கிடையாதா சார்?" என்று கேட்டான் ஒரு பையன்.

இருக்கிறது. ஆனால், அதற்கான பொருள் கம்பியாக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது!

1911-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி காமர்லிங் ஓன்ஸ், பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வைத்தார். அதன் மின்தடை அப்படியே மறைந்துபோனது. இத்தகைய பொருளுக்கு 'மீக்கடத்தி' என்று பெயர். அவ்வளவு குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும், விலை அதிகம்.

1986-ல் ஸ்விட்சர்லாந்தில் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் செம்பு ஆக்ஸைடு கலந்த ஒரு பீங்கானில் இதே குணத்தைக் கண்டார்கள். மறு வருடமே நோபல் பரிசு! அதே 1987-ல் இட்ரியம், பேரியம், செம்பு கலந்த பீங்கான் ஒன்று மைனஸ் 180 டிகிரியிலேயே மீக்கடத்தியானது. பெங்களூரில் சி.என்.ஆர். ராவ் குழுவினரும் அந்த வருடமே அதைத் தயாரித்தார்கள். இதற்குப் பெயர் 'உயர் வெப்பநிலை மீக்கடத்தி'. மைனஸ் 180 உயர் வெப்பமா என்று சிரிக்காதீர்கள். மைனஸ் 269-ல் வேலை பார்த்தவர்களுக்கு இது சித்திரை வெயில்! காற்றிலிருந்து எடுக்கும் திரவ நைட்ரஜனே இதைக் குளிர்விக்கப் போதும்.

செய்முறை சமையல் போலத்தான். பொடிகளை நன்றாக அரைத்துக் கலந்து, 900 டிகிரிக்கு மேல் சூளையில் வேக வைக்க வேண்டும். மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, மறுபடி சுட வேண்டும். பிறகு ஆக்ஸிஜன் வாயுவில் மெதுவாக ஆற வைக்க வேண்டும். ஆக்ஸிஜன் போதுமான அளவு சேராவிட்டால் அது வெறும் கறுப்பு வில்லைதான்.

வில்லை சரி, கம்பி? நம் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையை வளைத்துப் பாருங்கள்... 'படக்'! செம்பைப் போல இதை இழுக்க முடியாது. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். பிஸ்மத் கலந்த வேறொரு மீக்கடத்திப் பொடியை வெள்ளிக் குழாயில் அடைத்து, குழாயோடு சேர்த்து இழுத்தார்கள். பிறகு நாடாவாகத் தட்டிச் சூளையில் வைத்தார்கள். வெள்ளி ஏன்? சூட்டில் அது பொடியோடு சேர்ந்து அதைக் கெடுக்காது. ஆக்ஸிஜனையும் உள்ளே விடும். நகை செய்யும் வெள்ளிக்கு இப்படியும் ஒரு வேலை! இன்னொரு வழி, வளையும் உலோக நாடாவின் மேல் தலைமுடியைவிட மெல்லிய பூச்சாக மீக்கடத்தியைப் படிய வைப்பது. அதிலும் நுண்துகள்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து அடுக்கப்பட வேண்டும். வரிசை கலைந்தால் மின்சாரம் தடுமாறும்.

நம் ஊரைப் போலவே நிலக்கரியால் வளர்ந்த ஊர் ஜெர்மனியின் எஸ்ஸென். அங்கே 2014-ல் ஒரு கிலோமீட்டர் நீள மீக்கடத்தி கேபிளை மண்ணுக்கடியில் பதித்து, 10,000 வோல்ட் மின்சாரத்தை ஓட விட்டார்கள். கேபிளுக்குள்ளேயே திரவ நைட்ரஜனும் ஓடியது.

நெய்வேலியிலிருந்து சென்னை சுமார் 200 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் அந்தக் குளிரைக் காப்பது பெரிய செலவு. நாடாவும் விலை அதிகம். அதனால் இன்றும் அந்த வேலையைச் செய்வது அலுமினியக் கம்பிதான்.