திருமணக் காலமும் வீடியோ எடுப்பவரும்



பொங்கலை ஒட்டி நம் கோயில்களில் திருமண ஓலைகள் வரிசையாக வாசிக்கப்படுகின்றன. ஒரே ஞாயிறில் ஐந்து, ஆறு ஓலைகள் வாசிக்கும் பங்குகளும் உண்டு. தவக்காலத்தில் நம்மவர்கள் திருமணம் வைப்பதில்லை. ஆகவே பொங்கலுக்கும் திருநீற்றுப் புதனுக்கும் இடையே கிடைக்கும் நாள்களுக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். அந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024ஆம் ஆண்டு திருநீற்றுப் புதன் பிப்ரவரி 14ஆம் நாளே வந்துவிட்டதால் ஒரே ஒரு மாதம்தான் கிடைத்தது. 2025இல் மார்ச் 5 வரை ஏழு வாரங்கள் இருந்தன. மண்டபம், சமையல், பூ அலங்காரம், பாடகர் குழு, பங்குச் சாமியார் என்று எல்லாருமே ஓடிக்கொண்டிருக்கும் இந்த நாள்களில் நாம் எல்லாருடைய கண்ணிலும் பட்டு, யாருடைய கவனத்திலும் நிற்காத ஒருவர் இருக்கிறார். அவர்தான் வீடியோ எடுப்பவர்.

அவருடைய நாள்காட்டி நம் திருவழிபாட்டு நாள்காட்டியோடு மட்டும் நிற்பதில்லை. நமக்குத் தவக்காலம் தொடங்கும்போது இந்துச் சகோதரர்களின் மாசி, பங்குனி முகூர்த்தங்கள் நடக்கின்றன. உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் சித்திரை, வைகாசியில் இரு தரப்புத் திருமணங்களும் சேர்ந்துகொள்கின்றன. மார்கழியில் முகூர்த்தம் இல்லை. ஆனால் வளைகுடா நாடுகளிலிருந்தும் கப்பல் வேலையிலிருந்தும் விடுமுறையில் வரும் நம் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் வாரம்தான் வசதி. ஆடி ஒன்றுதான் அவருக்கு ஓய்வு மாதம், அதாவது வருமானம் இல்லாத மாதம். கடலோரப் பங்குகளில் தூத்துக்குடி பனிமய அன்னை திருவிழா (ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை) போன்ற விழாக்கள் அப்போது ஓரளவு கைகொடுக்கும்.

திருமணக் காலத்தில் அவருடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். முந்தின நாள் மாலை வரவேற்பு. மேடையில் கடைசி உறவினர் பரிசுக் கவரைக் கொடுத்துவிட்டு இறங்க இரவு பதினொரு மணி ஆகிவிடும். அதன்பின் கருவிகளைக் கட்டி வீடு போய்ச் சேர்ந்து, பேட்டரிகளைச் சார்ஜில் போட்டு, மெமரி கார்டுகளில் உள்ளதை ஹார்டு டிஸ்கில் ஏற்ற வேண்டும். இன்றைய 4கே கேமராவில் பரவலாகப் பயன்படும் 100 மெகாபிட் தரத்தில் ஒரு மணி நேரம் எடுத்தால் சுமார் 45 ஜி.பி. சேரும். இரண்டு கேமராக்களில் நான்கு மணி நேரம் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதை ஒரே இடத்தில் வைப்பதும் ஆபத்து. ஒரு டிஸ்க் பழுதானால் அந்தக் குடும்பத்துக்கு மறுபடியும் திருமணம் செய்து காட்ட முடியாது. ஆகவே இரண்டு பிரதிகள். அது ஏறி முடிவதற்குள் அதிகாலை ஐந்து மணிக்குப் பெண் வீட்டில் அலங்காரம் எடுக்கப் போக வேண்டும். பத்தரை மணிக்குத் திருப்பலி, பிறகு மண்டபம், பந்தி, மாலையில் கடற்கரையிலோ தோப்பிலோ மணமக்களை மட்டும் வைத்துப் படம். இரவு வேறோர் ஊரில் வேறொரு வரவேற்பு. தோளிலும் இடுப்பிலும் வலி இல்லாத வீடியோகிராபரை நான் பார்த்ததில்லை.

நான் குருவான புதிதில் இந்தத் தொழில் வேறு மாதிரி இருந்தது. தோளில் சுமக்கும் பெரிய வி.எச்.எஸ். கேமரா, அதன் பின்னால் ஆயிரம் வாட் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பையன், அவனுக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டியும் விரித்தும் இன்னொரு பையன். அந்த வெளிச்சம் முகத்தில் அடிக்கும்போது மணமகளின் பவுடர் வழியும், குருவானவருக்கு வாசக நூலே தெரியாது. இப்போதைய கேமராக்களுக்கு அந்த வெளிச்சம் தேவையில்லை. இது நமக்குப் பெரிய நிம்மதி. ஆனால் ஒயர் போனதும் எல்லை போய்விட்டது. அந்தக் காலத்தில் ஒயர் எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரம்தான் கேமரா வரும். இன்று கையடக்கக் கருவியோடு பீடத்தைச் சுற்றியே வந்துவிடலாம்.

இங்கேதான் திருச்சபை சொல்வதைக் கவனிக்க வேண்டும். திருவழிபாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடும், சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏடும் ஒரே நாளில், 1963 டிசம்பர் 4 அன்று வெளியிடப்பட்டன. வழிபாட்டில் மக்களின் முழுமையான பங்கேற்பை வலியுறுத்திய அதே நாளில், கேமரா போன்ற கருவிகளைத் திருச்சபை இறைவனின் கொடைகளாக ஏற்றுக்கொண்டது. இரண்டையும் எப்படி ஒன்றாக வைப்பது என்ற கேள்விக்கு 1967ஆம் ஆண்டு மே மாதம் நற்கருணை வழிபாடு பற்றி வெளிவந்த அறிவுரை ஏட்டில் ஒரு பதில் உண்டு. திருப்பலியின்போது படம் எடுப்பதால் வழிபாட்டுக்கு இடையூறு வரக்கூடாது, தக்க காரணம் இருந்தால் அடக்கத்தோடும் மறைமாவட்ட ஆயர் வகுத்த நெறிகளின்படியும் எடுக்கலாம் என்பதே அதன் சாரம். கேமராவுக்குத் தடை இல்லை. அடக்கம்தான் கேட்கப்படுகிறது. மேலும் கேமரா பிடிப்பவர் மட்டும் இதற்குப் பொறுப்பல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பரில் திருப்பலி பற்றிய தம் மறைக்கல்வி உரையில், கைப்பேசிகளை உயர்த்திப் படம் எடுக்கும் விசுவாசிகளைப் பற்றி மட்டுமல்ல, குருக்களையும் ஆயர்களையும் பற்றியும் வருத்தப்பட்டார். வீடியோ எடுப்பவர் ஓரமாக நிற்க, நாற்பது உறவினர்கள் கைப்பேசியோடு நடுவழியை அடைத்துக்கொள்ளும் திருமணங்கள்தான் இன்று அதிகம்.

இனி அவர் எதை எடுக்கிறார் என்பதற்கு வருவோம். நம் ஊர்த் திருமண வீடியோவில் உச்சக் காட்சி தாலி கட்டுவதுதான். அந்த நொடி தப்பினால் மாப்பிள்ளை வீட்டார் ஆளை விடமாட்டார்கள். அதனால் மறையுரை முடிந்ததுமே எல்லாக் கேமராக்களும் தாலித் தட்டுப் பக்கம் திரும்பிவிடுகின்றன. ஆனால் திருமணம் நடப்பது அதற்குச் சற்று முன்பு. மணமக்கள் வலது கைகளைச் சேர்த்துப் பிடித்து, ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார்களே, அந்தச் சொற்களில்தான் திருமணம் உண்டாகிறது. இருவரின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது, வேறு எந்த மனித அதிகாரமும் அதற்குப் பதிலாக நிற்க முடியாது என்பது திருச்சபைச் சட்டம் 1057. நம் இலத்தீன் வழிபாட்டு மரபில் இந்த அருளடையாளத்தை வழங்குகிறவர்கள் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள்கிறார், இரண்டு சாட்சிகள் உடனிருக்கிறார்கள். மந்திரித்துக் கட்டப்படும் தாலியும் மோதிரமும் அந்தச் சம்மதத்தின் அடையாளங்கள். அடையாளம் சிறியது என்று நான் சொல்லவில்லை, நம் பெண்களுக்குத் தாலி என்ன என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தாலி நான்கு கோணங்களில் பதிவாகி, சம்மதச் சொற்கள் மின்விசிறி இரைச்சலில் கரைந்துபோன வீடியோக்களைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

இதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எது முக்கியம் என்று நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? பல வீடியோகிராபர்கள் வேறு சமயத்தவர். பெண் மெல்லிய குரலில் பேசுவாள்; கோயில் ஒலிபெருக்கியை நம்பினால் எதிரொலிதான் பதிவாகும். மணமகனின் சட்டையில் ஒரு சிறிய மைக்கைப் பொருத்திவிட்டால் இரண்டு குரலும் தெளிவாக விழும். இன்னொரு தொழில் நுணுக்கமும் உண்டு. பல டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் தொடர்ந்து 29 நிமிடம் 59 நொடிக்கு மேல் பதிவு செய்யாமல் தாமாகவே நின்றுவிடும். வருகைப் பாடலில் தொடங்கிய பதிவு, மறையுரை நீண்டால், சரியாகச் சம்மதம் கேட்கும் நேரத்தில் நின்றுபோகலாம். மறையுரை எப்போது முடியும் என்று அவர்கள் ஏன் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். (வேறு காரணங்களும் இருக்கலாம்.) நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டுமானால் மறையுரையின் நடுவே தொடங்குவதே நல்லது. அருளடையாளத்தில் மட்டும் மறுபடி எடுக்கும் வழக்கம் கிடையாது. வரவேற்பில் மாலையை நான்கு தடவை மாற்றச் சொல்லலாம். சம்மதத்தை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று யாரும் கேட்க முடியாது.

வசீகரத்தின்போதும் எழுந்தேற்றத்தின்போதும் அவர் இருந்த இடத்திலேயே நின்றால் போதும். மக்கள் நற்கருணை வாங்கும்போது முகத்துக்கு நேராகக் கேமரா வைப்பதை நான் அனுமதிப்பதில்லை. அது ஒருவர் ஆண்டவரோடு தனியாக இருக்கும் நேரம்.

நம் பங்குப் பிள்ளைகளே இந்தத் தொழிலில் இருக்கும்போது இன்னொரு கேள்வி எழுகிறது. “சாமி, வாரத்துக்கு நாலு பூசையில நிக்கிறேன், ஒரு பூசையும் கண்ட மாதிரி இல்ல” என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். கேமராத் திரையின் வழியாக ஒளியையும் கோணத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பவர், உடலால் கோயிலில் இருந்தும் மனத்தால் தொழிலில்தான் இருக்கிறார். அது பாவம் அல்ல, அவர் வாங்கிய கூலிக்குச் செய்யும் நேர்மையான உழைப்பு. ஆனால் ஞாயிறு திருப்பலிக்கு அது ஈடாகிவிட்டது என்று எண்ணி அமைந்துவிட வேண்டாம். முந்தின நாள் மாலைத் திருப்பலியிலும் ஞாயிறு கடமை நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டம் 1248 இடம் தருகிறது. சனி மாலை வரவேற்பு இருந்தால் ஞாயிறு விடியற்காலைத் திருப்பலி, அதுவும் முடியாவிட்டால் ஞாயிறு மாலை. குடும்பத்தின் தேவைக்காக வேறு வழியின்றி ஞாயிறு உழைப்பவரைத் திருச்சபை தண்டிப்பதில்லை. அந்த உழைப்பே வழக்கமாகி இறைவனுக்கும் வீட்டுக்கும் நேரமே இல்லாமல் போவதைப் பற்றித்தான் அதற்குக் கவலை. அந்தத் தம்பியின் குழந்தைக்கு முதல் நற்கருணை வாங்கிய நாளில் அவர் வேறோர் ஊர்த் திருமணத்தில் இருந்தார். அதை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கூலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் நகைக்கடைக்கும் மண்டபத்துக்கும் பிரியாணிக்கும் முதலில் பணம் போய்விடுகிறது. வீடியோக்காரருக்கு முன்பணம் கொடுத்ததோடு சரி. மீதியை ஆல்பம் வந்ததும் தருகிறோம் என்கிறோம். அவரோ உதவியாளர்களின் சம்பளத்தையும் வாடகை லென்ஸுக்கான பணத்தையும் அன்றிரவே கொடுத்தாக வேண்டும். ஆல்பம் தயாரானபோது மணமக்கள் வெளிநாடு போயிருப்பார்கள், பெற்றோர் கடனில் இருப்பார்கள். சில திருமணங்கள் முறிந்தும் போயிருக்கும். வாங்க ஆளில்லாத ஆல்பங்கள் ஸ்டுடியோ அலமாரிகளில் கிடக்கின்றன. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிடும்படி இணைச்சட்ட நூல் (24:14-15) கட்டளையிடுகிறது. பிடித்துவைக்கப்பட்ட கூலி ஆண்டவரின் செவிகளில் கூக்குரலிடுவதாக யாக்கோபு (5:4) எழுதுகிறார். திருமண நாளில் எடுத்த உழைப்புக்கான பங்கை அந்த வாரமே கொடுத்துவிட்டு, எடிட்டிங்குக்கும் ஆல்பத்துக்கும் உரியதை மட்டும் பிறகு கொடுப்பது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளும் குடும்பங்கள் இப்போது சில உண்டு. நல்ல வழக்கம். 2020இல் ஊரடங்கு வந்து, திருமணத்துக்கு 50 பேர் மட்டும் என்று கட்டுப்பாடு இருந்தபோது, கடன் வாங்கிக் கேமரா வாங்கிய பல இளைஞர்கள் தவணை கட்ட முடியாமல் கருவிகளை விற்றார்கள். சேமிப்பு இல்லாத தொழில் இது.

அதே ஊரடங்கில்தான் இந்தத் தொழிலின் மற்றொரு பக்கத்தையும் பார்த்தோம். கோயிலுக்குள் வரமுடியாத பாட்டிகள் வீட்டில் கைப்பேசித் திரையில் பேத்தியின் திருமணத்தைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அசிசி நகர் புனித கிளாராவின் வரலாறு அப்போது பலருக்கு நினைவு வந்திருக்கும். 1252ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில் நோயுற்று, மடத்திலேயே தங்கிவிட்ட அவர், தொலைவில் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் நடந்த வழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே கண்டு கேட்டதாக மரபு. அதனால்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்.

அடக்கத்துக்குப் படம் தேடும் வீடுகளிலும் இதைக் காண்கிறேன். பெரியவர் இறந்ததும் பிள்ளைகள் பழைய திருமண கேசட்டைத் தேடுகிறார்கள். அவர் நடந்ததும் சிரித்ததும் பேரனைத் தூக்கியதும் அதில் மட்டும்தான் இருக்கிறது. மேடைக்கு வராமல் பந்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிழவரையும் இரண்டு நிமிடம் எடுத்துவைத்த வீடியோக்காரரை அந்த வீடு அப்போதுதான் நன்றியோடு நினைக்கிறது. கானாவூரிலும் பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியாதது, தண்ணீர் மொண்டு வந்த பணியாளருக்குத் தெரிந்திருந்தது (யோவா 2:9).

இந்த ஆண்டு முதல் நம் பங்கில் திருமணத்துக்கு முந்தின மாலைப் பயிற்சிக்கு வீடியோ எடுப்பவரும் கால் மணி நேரம் வந்து போகும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்கே நிற்கலாம், மைக் எங்கே, சம்மதம் எந்த நேரத்தில் என்று பார்த்துக்கொள்ளலாம். காலையில் வெறும் வயிற்றோடு வரும் அவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பாடகர் குழுவோடு சேர்த்துச் சிற்றுண்டி சொல்லிவிடுங்கள். ஓலை எழுத அலுவலகம் வரும் குடும்பத்தார் அவருடைய கைப்பேசி எண்ணையும் உபதேசியாரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.